பார்த்த கண்ணுக்கும் பொறுப்பு உண்டு: வங்கி ஊழியரும் வாடிக்கையாளர் இரகசியமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேச அழைத்தபோது தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டார்கள். வங்கி ஊழியரின் சட்டப் பொறுப்பு என்பது பரந்த களம். அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஊழியர், எந்த அலுவல் காரணமும் இல்லாமல், ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் திரையில் திறந்து பார்க்கிறார். மைத்துனனின் சம்பளம் எவ்வளவு, பக்கத்து வீட்டுக்காரர் இடம் விற்ற பணம் வந்துவிட்டதா, பிரிந்துபோன மனைவி எங்கெல்லாம் செலவு செய்கிறார் என்று பார்க்கிறார். மூடிவிடுகிறார். யாரிடமும் சொல்லவில்லை. ஏதாவது கடமை மீறப்பட்டதா?

மீறப்பட்டது என்பதே என் பதில். பார்த்த அந்தக் கணத்திலேயே மீறப்பட்டுவிட்டது. நம்முடைய வங்கிச் சட்டங்களில் பெரும்பாலானவை இதைச் சொல்வதில்லை. வெளியே சொன்னால்தான் குற்றம் என்ற பழைய காலத்து நினைப்பிலேயே அவை நிற்கின்றன. இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

1. பேரேட்டிலிருந்து திரைக்கு

பொதுத்துறை வங்கியில் சேரும் நாளில் நீட்டப்படும் காகிதக் கட்டில் ஒரு தாள், விசுவாசமும் இரகசியமும் காப்பேன் என்ற உறுதிமொழி. ஸ்டேட் வங்கியில் இதற்கு அடிப்படை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. 1969 ஜூலையில் நாட்டுடைமையான 14 வங்கிகளுக்கு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உட்பட, 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. அந்தப் பிரிவின் முதல் உட்பிரிவு வங்கியைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டாம் உட்பிரிவு இயக்குநர், தணிக்கையாளர், அதிகாரி, ஊழியர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பிடித்து உறுதிமொழி கேட்கிறது. அதன் வாசகம் சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆகவே இரகசியம் காப்பது நிறுவனத்தின் கடமை மட்டும்தான், எனக்கென்ன என்று எந்த ஊழியரும் சொல்ல முடியாது. அவர் பெயரில், அவர் கையெழுத்தில் அந்தக் கடமை இருக்கிறது. தனியார் வங்கி ஊழியருக்கு இப்படிச் சட்டமே எழுதிக் கொடுத்த உறுதிமொழி இல்லை. அங்கே பணி ஒப்பந்தமும் நீதிமன்றங்கள் வளர்த்த பொதுச் சட்டமும்தான் அடிப்படை.

அந்த உறுதிமொழியை நிதானமாகப் படித்தால் இரகசியம் பற்றி இரண்டு வாக்குகள் அதில் இருக்கின்றன. வங்கியோடு கொடுக்கல் வாங்கல் உள்ள எவருடைய விவகாரத்தையும், சட்டப்படி உரிமை இல்லாதவருக்குத் தெரிவிக்க மாட்டேன் என்பது ஒன்று. அப்படிப்பட்டவர்களை வங்கியின் புத்தகங்களைப் பார்க்க விடமாட்டேன் என்பது மற்றொன்று. நானே காரணமின்றிப் பார்க்க மாட்டேன் என்ற மூன்றாவது வாக்கு அதில் இல்லை.

1955இலும் 1970இலும் அந்த வரி தேவைப்படவில்லை. அன்றைய கிளையை நினைத்துப் பாருங்கள். பணம் எடுக்க வந்தவர் படிவத்தைக் கொடுத்துப் பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே லெட்ஜர் கிளார்க் தடித்த பேரேட்டைப் புரட்டி, அவருடைய பக்க எண்ணைத் தேடி, இருப்பைக் கழித்து எழுதுவார். அதிகாரி சுருக்கொப்பமிடுவார். கணக்கு அந்த ஒரு பேரேட்டில், அந்த ஒரு கிளையில் மட்டுமே இருந்தது. சம்பந்தமில்லாத ஒருவர் எழுந்து வந்து இன்னொருவருடைய பக்கத்தைத் திறந்தால் கூடமே பார்க்கும். "என்ன சார் தேடுறீங்க?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விதான் அன்றைய பாதுகாப்பு.

கோர் பேங்கிங் வந்தபின் கணக்கு கிளைக்குச் சொந்தமாக இல்லை, வங்கிக்குச் சொந்தமாகிவிட்டது. தென்காசியில் கணக்கு வைத்திருப்பவர் திருவள்ளூரில் பணம் எடுக்கலாம். மக்களுக்கு இது பெரிய வசதி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தென்காசிக்காரரின் கணக்கைத் திருவள்ளூர் கவுண்டரிலிருந்து பார்க்கவும் முடிகிறது. கணக்கு எண், கைபேசி எண், பான் எண், ஆதார், வாரிசுதாரர் பெயர், மாதாமாதம் மருத்துவமனைக்குப் போகும் தொகை எல்லாம் சில விசைத் தட்டல்களில் வந்து நிற்கின்றன. கூடத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்ததன் தடயம் கணினியின் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. பணம் காணாமல் போனால் ஒழிய அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்ப்பவர் அநேகமாக இல்லை.

2. டூர்னியர் வழக்கில் நாம் கவனிக்கத் தவறியது

வங்கி இரகசியம் பற்றிப் பேசினால் டூர்னியர் வழக்கைத் தாண்டி யாரும் போக முடியாது. 1924ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளியான இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு அது. இந்தியா உட்பட ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் வந்த நாடுகள் எல்லாம் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. சட்டக் கல்லூரி மாணவர்களே, அதன் நான்கு விதிவிலக்குகளை மனப்பாடம் செய்திருப்பீர்கள்: சட்டத்தின் கட்டாயம், பொதுமக்களுக்கு ஆற்ற வேண்டிய கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் இசைவு. நான் அழைத்துப் போக விரும்புவது விதிவிலக்குகளுக்கு அல்ல, வழக்கின் கதைக்கு.

டூர்னியர் பெரிய மனிதர் அல்லர். வங்கிக்கு அவர் தர வேண்டியிருந்த மிகைப்பற்று 9 பவுண்டு சொச்சம். வாரம் 1 பவுண்டு வீதம் கட்டிவிடுகிறேன் என்று எழுதிக்கொடுத்து, தான் புதிதாக வேலைக்குச் சேரவிருந்த நிறுவனத்தின் பெயரையும் கொடுத்திருந்தார். சில தவணைகளுக்குப்பின் கட்டவில்லை. இதற்கிடையில் அதே வங்கியின் இன்னொரு வாடிக்கையாளர் டூர்னியர் பெயருக்கு எழுதிய காசோலை ஒன்று மேலாளரின் கண்ணில் படுகிறது. டூர்னியர் அதைத் தன் கணக்கில் போடாமல் வேறொருவருக்கு மேலெழுதிக் கொடுத்திருக்கிறார். பணம் யாருக்குப் போனது என்று மேலாளர் மற்ற வங்கியில் விசாரிக்கிறார். பந்தயம் பிடிப்பவர் ஒருவருக்கு என்று பதில் வருகிறது. அதன்பின் டூர்னியரின் முகவரி கேட்டு அவருடைய முதலாளிக்குத் தொலைபேசியில் பேசும்போது கடன் பாக்கியைப் பற்றியும் பந்தயப் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறார். மூன்று மாத ஒப்பந்தம் முடிந்தபோது டூர்னியருக்கு வேலை நீட்டிக்கப்படவில்லை.

நாம் வகுப்பில் கற்றுக்கொடுப்பது கடைசிக் கட்டத்தை, அதாவது தொலைபேசியில் சொன்னதை. வாடிக்கையாளருக்கு நேர்ந்த கேடு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்தக் காசோலையின் பணம் எங்கே போனது என்று துருவிப் பார்க்க மேலாளருக்கு என்ன அலுவல் இருந்தது? முகவரி வேண்டுமென்றால் முகவரியைக் கேட்டிருக்கலாம். கடமை அந்த ஒரு கணக்கின் கூட்டல் கழித்தலோடு முடிவதில்லை, வங்கியாளர் என்ற நிலையில் வேறு வழிகளில் தெரியவந்த செய்திக்கும் அது பொருந்தும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். இந்தக் கருத்தில்தான் என் வாதத்தின் வேர் இருக்கிறது. பதவி தந்த வாசல் வழியே உள்ளே வந்த செய்தி எதுவானாலும் அது பதவியின் வேலைக்கு மட்டுமே பயன்பட வேண்டும்.

வங்கியின் சொந்த நலன் என்ற விதிவிலக்கைப் பற்றி ஒரு சொல். அதை அளவுக்கு மீறி இழுத்துப் பயன்படுத்துகிறோம். கடன் கட்டாதவரின் புகைப்படத்தை வெளியிடலாமா என்ற கேள்வியில் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் வங்கிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம், கடன் வசூலுக்காகப் படத்தைப் பலகையில் மாட்டுவது மனித மாண்புக்கும் அந்தரங்கத்துக்கும் எதிரானது என்றது. நான் கேரளத் தீர்ப்பின் பக்கம் நிற்கிறேன். கடனை வசூலிக்கச் சட்டம் நீதிமன்றத்தையும் ஏலத்தையும் தந்திருக்கிறது. ஊரார் முன் தலைகுனிய வைக்கும் உரிமையைத் தரவில்லை.

3. நம் சட்டங்கள் எதைத் தடுக்கின்றன

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 72ஏ பிரிவு நேரே நம் பொருளுக்கு வருகிறது. ஒப்பந்தப்படி சேவை செய்யும்போது கைக்கு வந்த தனிப்பட்ட தகவலை, இழப்பு உண்டாக்கும் எண்ணத்தோடோ அது உண்டாகக்கூடும் என்று தெரிந்தோ, இசைவின்றி வெளியிடுபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வங்கி மட்டுமல்ல, தனி ஊழியரும் இதில் சிக்குவார். ஆனால் வெளியிட்டிருக்க வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. நுகர்வோர் நம்பிக்கையோடு தந்த தனிப்பட்ட தகவலை வேறொருவருக்குத் தருவதை முறையற்ற வணிக நடைமுறை என்று அது வரையறுக்கிறது. இங்கும் வேறொருவருக்குத் தந்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் இப்படி ஓர் ஆயுதத்தைக் கொடுத்திருப்பது நம் வழக்கறிஞர்களிலேயே பலருக்குத் தெரியாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்கள் சேவைக் குறைபாடு என்று மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு மட்டும் அணுகுவதைத் தொடுகிறது. கணினிக்குப் பொறுப்பானவரின் அனுமதியின்றி அதை அணுகினாலோ அதிலிருந்து தரவை நகலெடுத்தாலோ இழப்பீடு கொடுக்க வேண்டும். அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் வங்கி ஊழியருக்கு அந்தக் கணினியில் நுழைய அனுமதி இருக்கிறதே! வங்கியே கொடுத்த லாகின் அது. அனுமதி உள்ளவர் அனுமதி இல்லாத கணக்கைத் திறந்தால் அது அனுமதியற்ற அணுகலா?

இந்தக் கேள்விக்கு இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்குக் குறிப்பிட்ட சில கணக்குகளைக் கவனிக்கும் பணி ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய லாகின் மற்றக் கணக்குகளையும் திறந்தது. அவற்றைத் திறந்து, விவரங்களை அட்டை மோசடிக் கும்பலுக்குக் கொடுத்தார். 1999இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, ஒரு வகைத் தரவைப் பார்க்க அனுமதி இருப்பதால் அந்த வகையில் உள்ள எல்லாத் தரவையும் பார்க்க அனுமதி கிடைத்துவிடாது, ஒதுக்கப்படாத கணக்கைத் திறந்ததே அனுமதியற்ற அணுகல் என்று முடிவுசெய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல் வான் பியூரன் வழக்கில் எதிர்த்திசையில் போனது. காவல்துறையின் வாகனப் பதிவுத் தரவைப் பணத்துக்காகத் தேடிய காவல் அதிகாரியின் செயல், அவருக்கு அந்தத் தரவுத்தளத்தில் நுழையும் உரிமை இருந்ததால், கணினிக் குற்றச் சட்டத்தில் வராது என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். மூவர் மாறுபட்டார்கள்.

இந்திய நீதிமன்றங்கள் பிரிட்டிஷ் வழியில் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் 43ஆம் பிரிவு கணினியை மையமாக வைத்து எழுதப்பட்டிருப்பதால் எதிர்வாதத்துக்கு இடம் இருப்பதை மறுக்கவில்லை. அதனால்தான் தெளிவான சட்டத் திருத்தம் வேண்டும் என்கிறேன். முன்மாதிரியை வெளிநாட்டில் தேடவும் வேண்டாம். 2005ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் 22ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கடன் தகவலை அதிகாரமின்றி அணுகுவதே அங்கே அபராதத்துக்கு உரிய குற்றம். சொல்லியிருக்க வேண்டும், விற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. ஒருவருடைய சிபில் மதிப்பெண்ணுக்கு நாடாளுமன்றம் தந்த காவலை அவருடைய சேமிப்புக் கணக்குக்குத் தர மறுப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரில் வங்கிச் சட்டத்தின் 47ஆம் பிரிவை மீறும் தனிநபருக்கு 1,25,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஏன் தயங்குகிறேன் என்பதை ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன்.

4. கேட்பவர் யார்

கணக்கு விவரம் வெளியே போவதில் பெரும்பகுதி திருட்டினால் அல்ல, மறுக்கத் தெரியாததால். கேட்பவர் பெரும்பாலும் வேண்டியவர்.

அகமதாபாத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2017இல் ஒருவருடைய கைபேசிக்கு அவர் கணக்கிலிருந்து 103 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. எதற்கு என்று கிளையில் கேட்கிறார். கணக்கு அறிக்கை கொடுத்ததற்கான கட்டணம் என்கிறார்கள். அவர் கேட்கவே இல்லை. மணவழக்கில் எதிர்த்தரப்பாக இருந்த மனைவிக்கு, கணவரின் சார்பில்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நுகர்வோர் மன்றம் வங்கிக்கு 10,000 ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்த 103 ரூபாய் பிடிக்கப்படாமல் இருந்திருந்தால், அல்லது அறிக்கையை அச்சிடாமல் திரையைத் திருப்பிக் காட்டியிருந்தால், அந்த மனிதருக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. இங்கே பார்வையின் தடயம் கட்டண வடிவில் தற்செயலாக வெளியே வந்தது.

கவுண்டரில் இருப்பவருக்குக் கணவன் மனைவி என்றாலே ஒரே வீடு, ஒரே பணம் என்று தோன்றுகிறது. சட்டத்தின் முன் அவர்கள் இரண்டு வாடிக்கையாளர்கள். மகளிர் குழுக் கடனும் உரிமைத்தொகையும் கணக்கில் வரும் ஒரு பெண்ணின் இருப்பை அவருடைய கணவரிடமோ மகனிடமோ சொல்வது எத்தனை வீடுகளில் அடிதடியில் முடியும் என்பது உங்களில் கிராமக் கிளைகளில் வேலை செய்த வங்கித் தோழர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்து காவல் நிலையம். "ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம், அந்தக் கணக்கோட ஸ்டேட்மென்ட்டை வாட்ஸாப்ல அனுப்புங்க" என்று தொலைபேசி வந்தால் அது சட்டத்தின் கட்டாயம் ஆகாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு எழுத்து மூலமான உத்தரவைக் கேட்கிறது. வங்கி தரப்பினராக இல்லாத வழக்கில் அதன் ஏடுகளை நீதிமன்ற உத்தரவின்றிக் கொண்டுவரச் சொல்லி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1891ஆம் ஆண்டு வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டமே காவல் போட்டிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள் சார், உடனே தருகிறோம் என்று சொல்லும் மேலாளர் ஒத்துழைக்க மறுக்கவில்லை. தன் உறுதிமொழியைக் காப்பாற்றுகிறார். மாறாக, வருமான வரித்துறையோ நிதிப் புலனாய்வுப் பிரிவோ சட்டப்படி கேட்டதைக் கொடுத்துவிட்டு, கொடுத்தோம் என்று வாடிக்கையாளரிடம் ஓடிப்போய்ச் சொல்வதும் தவறு. சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அனுப்பியதை வாடிக்கையாளருக்குக் கசியவிடுவதைக் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பு விதிகள் தடை செய்கின்றன.

ஹைதராபாத் மாவட்டப் பதிவாளருக்கும் கனரா வங்கிக்கும் இடையே உச்ச நீதிமன்றம் 2004 நவம்பரில் அளித்த தீர்ப்பை மாணவர்கள் முழுமையாகப் படிக்க வேண்டும். முத்திரைச் சட்டத்தில் ஆந்திர மாநிலம் செய்த திருத்தம், ஆட்சியரோ அவர் அனுப்பும் எவருமோ வங்கிக்குள் நுழைந்து ஆவணங்களைப் பார்க்கலாம், கைப்பற்றலாம் என்றது. நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அறிவித்தது. அந்தரங்கம் மனிதர்களைச் சேர்ந்தது, இடங்களைச் சேர்ந்தது அல்ல. வீட்டு அலமாரியில் இருந்த காகிதம் வங்கிக்கு வந்துவிட்டதால் அதன் இரகசியத்தன்மை போய்விடாது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவிப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, ஒரு வங்கி வழக்கில் இது சொல்லப்பட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பில் எதிர்க்கப்பட்டது அதிகாரிகளின் பார்க்கும் அதிகாரம் என்பதைக் கவனியுங்கள். பார்ப்பதே உரிமை மீறல் என்று அரசுக்குச் சொன்னதை வங்கிக்குள் இருப்பவருக்கும் சொல்வதில் என்ன தடை?

5. பொறுப்பு கீழே மட்டும் இறங்கக் கூடாது

இவ்வளவு நேரம் ஊழியரின் தனிப் பொறுப்பை வற்புறுத்தினேன். பின்வரிசையில் இருக்கும் வங்கித் தோழர்களின் மனத்தில் எழும் எதிர்ப்பை என்னால் உணர முடிகிறது. அந்த எதிர்ப்பு நியாயமானது.

ஒரு கிளையில் காலை 11 மணிக்கு என்ன நடக்கிறது? ஆள் பற்றாக்குறை. ஒருவர் பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும் என்பது விதி. அனுமதிக்க வேண்டிய அதிகாரி நகைக் கடனுக்கு எடை பார்க்கப் போயிருக்கிறார். வரிசை நீள்கிறது. தன் பாஸ்வேர்டைக் கவுண்டரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். கைரேகை வைத்து நுழையும் முறை வந்த வங்கிகளில் இது குறைந்திருக்கிறது, வராத இடங்களில் தொடர்கிறது. நாளை விசாரணை வந்தால் பதிவேட்டில் இருப்பது பார்க்காதவரின் பெயர். கடுமையான சிறைத் தண்டனையை எழுதிவைத்தால் முதலில் மாட்டுவது அவர்தான். என் தயக்கத்துக்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று மேலிருந்து வருவது. பெரிய வைப்புத் தொகை உள்ளவர்களின் பட்டியலைக் கைபேசி எண்ணோடு அனுப்பு, காப்பீடு விற்க வேண்டும் என்று வட்டார அலுவலகத்திலிருந்து வாட்ஸாப் குழுவில் செய்தி வருகிறது. கணக்குத் தொடங்கும்போது பெற்ற தகவலை, வாடிக்கையாளரின் வெளிப்படையான அனுமதியின்றி வேறு பொருள்களை விற்கப் பயன்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கேஒய்சி நெறிமுறை சொல்கிறது. 2014 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தின் ஐந்து உரிமைகளில் அந்தரங்க உரிமையும் ஒன்று. இந்தப் பட்டியலை எடுத்து அனுப்பும் எழுத்தர் கடமை மீறியவரா? ஆம், ஆனால் இரண்டாவதாக. முதலாவதாக மீறியவர் கேட்டவர். அவருடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. எந்தச் சட்டத் திருத்தம் வந்தாலும் உத்தரவிட்டவரின் பொறுப்பு முதல் வரியில் இருக்க வேண்டும், எழுத்தில் உத்தரவு கேட்ட ஊழியருக்குப் பாதுகாப்பு இரண்டாம் வரியில் இருக்க வேண்டும்.

வங்கி தப்பிக்கும் வழி ஒன்றும் உண்டு. ஷியாமா தேவி வழக்கில், 1978இல், வாடிக்கையாளர் ஒருவர் தன் கணவருக்கு நண்பரான வங்கி ஊழியரிடம் கணக்கில் கட்டச் சொல்லிப் பணம் கொடுத்தார். ஊழியர் மோசடி செய்தார். நட்பின் பேரில் வாங்கியதே ஒழிய வங்கிப் பணியின் பகுதியாக வாங்கவில்லை, எனவே வங்கி பொறுப்பல்ல என்றது உச்ச நீதிமன்றம். இந்தத் தர்க்கத்தைத் தரவுக்கும் நீட்டினால், சொந்தப் பகைக்காகக் கணக்கைப் பார்த்தார், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஒவ்வொரு வங்கியும் கைகழுவும். கையில் வாங்கிய ரொக்கம் வேறு, வங்கியே திறந்து கொடுத்த திரை வேறு. அந்தத் திரையை யாருக்கு எவ்வளவு திறப்பது என்று தீர்மானித்தது வங்கி. அதன் பொறுப்பை ஊழியரின் தனிப்பட்ட நோக்கம் அழித்துவிடாது.

6. பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கும்

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்னோடி இடம் உண்டு. அபுதாபியில் வேலை செய்த ஒருவரின் தூத்துக்குடிக் கிளைக் கணக்கிலிருந்து 2007இல் போலி மின்னஞ்சல் வழியே பணம் போனது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தீர்ப்பு அதிகாரியாகச் செயல்படும் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் அவர் முறையிட்டார். வாடிக்கையாளரே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார் என்ற வங்கியின் வாதம் எடுபடவில்லை. 2010 ஏப்ரலில் 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அது ஊழியர் எட்டிப்பார்த்த வழக்கு அல்ல. ஆனால் தனிமனிதர் ஒருவர் வங்கியை எதிர்த்து, நீதிமன்றத்துக்கே போகாமல், தரவுப் பாதுகாப்பின் பேரில் பணமாக ஈடு பெற முடியும் என்று அது காட்டியது. கணக்கு விவரம், அட்டை விவரம் போன்றவற்றைக் காக்கத் தவறும் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க 43ஏ பிரிவு 2009 முதல் தனியாகவே நடைமுறையில் இருக்கிறது.

இப்போது 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வருவோம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. என் வாதத்துக்கு அது பெரிய துணை. அதிகாரமற்ற முறையில் தரவைக் கையாள்வதையே தரவு மீறல் என்று அது வரையறுக்கிறது. கையாள்வதில் தரவை எடுத்துப் பார்ப்பதும் அடங்கும். ஆகவே வங்கிக் கணக்கின் மீதான காரணமற்ற பார்வையும் சட்டத்தின் வாசகத்துக்குள் வந்துவிட்டது. மீறல் நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். யார் எதை அணுகினார் என்ற பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். பாதுகாப்பில் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

அந்த அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தின்கீழ் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அது மட்டுமல்ல, இழப்பீடு கேட்க வழி தந்த 43ஏ பிரிவையே இந்தச் சட்டம் நீக்குகிறது. அந்த நீக்கமும், மேலே சொன்ன கடமைகளும் அபராதமும், விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதங்களில், அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. கருவூலத்துக்குப் பணம் சேர்வதால், ஊரில் கணக்கு விவரம் பரவி மகளின் திருமணப் பேச்சு முறிந்துபோன தகப்பனுக்கு என்ன ஆறுதல்? சட்டம் அவரைத் தன் வழக்கிலேயே வேடிக்கை பார்ப்பவராக ஆக்கிவிட்டது. நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே நிரூபிக்கும் சுமை அவர் தலையில். யார் பார்த்தார் என்ற பதிவேடு வங்கியின் கையில்.

7. செய்யக்கூடியது

2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி கடன் தகவல் நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. ஏதேனும் நிதி நிறுவனம் ஒருவரின் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், அவருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ போக வேண்டும். இப்போது உங்களில் பலருக்கு அந்தச் செய்தி வந்துகொண்டிருக்கும். உங்களைப் பற்றிய தகவலை இன்ன வங்கி பார்த்தது என்று அது சொல்கிறது. இதையே சேமிப்புக் கணக்குக்கும் கொண்டுவருவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. நூறு ரூபாய் எடுத்தாலே எஸ்.எம்.எஸ். அனுப்பும் வங்கிகள், பரிவர்த்தனை எதுவும் இல்லாமல் கணக்கு திறக்கப்பட்டபோதும் அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் அனுப்பினால் தொல்லை என்றால், வாடிக்கையாளர் கேட்கும்போது கடந்த ஓராண்டில் தன் கணக்கை எந்தக் கிளையில், எந்தப் பதவியில் உள்ளவர், என்ன காரணத்துக்காகப் பார்த்தார் என்ற பட்டியலைக் கொடுக்கலாம். கணக்கைத் திறக்கும்போதே காரணத்தைத் தேர்வுசெய்யச் சொல்லும் ஒரு பெட்டி திரையில் இருந்தால் போதும். பேரேட்டுக் கூடத்தில் எழுந்த அந்தக் கேள்வியை இனி இயந்திரம் கேட்கட்டும்.

நிரூபிக்கும் சுமையையும் மாற்ற முடியும். அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று 2017 ஜூலையிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பணத்துக்கு ஏற்றுக்கொண்ட அந்த விதியை இரகசியத்துக்கும் ஏற்க வேண்டும். இது இன்ன அலுவலுக்காகப் பார்க்கப்பட்டது என்று வங்கி காட்டட்டும், காட்ட முடியாவிட்டால் ஈடு கொடுக்கட்டும்.

மாணவர்களே, 43ஏ பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. தங்கள் ஊரில் கணக்கு விவரம் கசிந்து அவதிப்படுபவர்களுக்கு மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடம் மனு எழுதிக் கொடுங்கள். உங்கள் கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையம் செய்யக்கூடிய வேலை அது. வங்கித் தோழர்களே, உங்கள் சங்கங்கள் ஊதியத்துக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் ஐந்து நாள் வாரத்துக்காகவும் போராடுவதை மதிக்கிறேன். அடுத்த இருதரப்பு ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் மூன்று வரிகளைச் சேருங்கள்: வாடிக்கையாளர் பட்டியல் கேட்டு வாய்மொழி உத்தரவு கூடாது, பாஸ்வேர்டைப் பகிர வேண்டிய அளவுக்கு ஆள் பற்றாக்குறை கூடாது, தன் கணக்கை யார் பார்த்தார் என்று அறியும் உரிமை வாடிக்கையாளருக்கு வேண்டும். இந்த மூன்றாவதை ஊழியர்களே முன்வந்து கேட்டால் எந்த நிர்வாகத்தாலும் மறுக்க முடியாது.